உப்பு வாசலுக்கு ஒரு கையேடு

நவம்பர், இறந்தவர்கள் வாழ்நாள் சான்று கொடுக்கும் மாதம்.

மிதவூரின் மூன்றாம் மிதவையில் இருந்த உரிமைக்கூடத்தில் அன்று காலை பதினொரு பேர் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பாடலாசிரியர், சமையல் குறிப்பு எழுதிய இரண்டு சகோதரிகள், சோப்பு உறைக்கு மயில் வரைந்த ஒருவர் என்று எல்லோரும் இறந்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆனவர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்துக்கு மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அதிகாரியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இருக்கியளா?"

சற்று நேரம் எதுவும் கேட்காது. தரைக்கு அடியில் கடல் மிதவையை ஒருமுறை தூக்கி இறக்கும். பிறகு ஒரு குரல் வரும்.

"இருக்கேன்."

முத்திரை விழும் ஓசை. அடுத்தவர்.

படைப்பின் மீதான உரிமை, படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு அறுபது ஆண்டுகளும் நீடிக்கும் என்பது பழைய சட்டம். அந்த அறுபதை நூறாக்க நிறுவனங்கள் நெடுங்காலம் வழக்காடிப் பார்த்தன. அப்புறம் யாரோ ஒரு கெட்டிக்காரருக்கு எளிய வழி ஒன்று தோன்றியது. படைத்தவர் இறக்காவிட்டால் அந்த அறுபது தொடங்கவே தொடங்காதல்லவா? அதற்குள் மனித மூளையின் இணைப்புகளை இழை பிசகாமல் படியெடுத்து உப்புப் படிகத்தில் பொதிந்து வைக்கும் நுட்பம் வந்துவிட்டிருந்தது. அதை நிழற்பதிவு என்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எழுப்பிக் கேட்கும்போது "இருக்கேன்" என்று தன் வாயால் சொல்கிறவர் இருப்பவரே என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

அமலோற்பவம் மடியில் ஒரு புத்தகம் வைத்திருந்தாள். அறுபத்து நான்கு பக்கம். கடற்பாசித் தாள், தைத்த முதுகு. அட்டையில் ஒரு நண்டு, அதற்குக் கீழே 'உப்பு வாசல்: ஆடுவோருக்கான கையேடு'. அதைப் பற்றித்தான் அவளை அழைத்திருந்தார்கள்.

உப்பு வாசல் ஒரு விளையாட்டு. காதுக்குப் பின்னால் பதித்த சில்லின் வழியாக அதற்குள் இறங்க வேண்டும். கடல் கொண்ட ஊர் ஒன்று, எல்லாம் உப்பால் ஆனது, நாற்பது கதவுகள். எந்தக் கதவு எந்த அலைக்குத் திறக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சண்டை கிடையாது, மதிப்பெண் கிடையாது. நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் சலித்துப்போய் வெளியே வந்துவிடுவார்கள்.

அவளும் அவள் கணவன் செபஸ்தியானும் பதினோரு ஆண்டுகள் அதற்குள் நடந்தார்கள். செபஸ்தியான் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவன். வீட்டில் அவன் பேசுவது குறைவு. சாப்பிட்டாயா என்றால் தலையசைப்பான், அவ்வளவுதான். ஆனால் அந்த உப்புத் தெருக்களில் இறங்கிவிட்டால் அவன் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய கதை, இறந்துபோன தங்கை, தனக்கு இருட்டைக் கண்டால் பயம் என்பது, எல்லாவற்றையும் அவன் சொன்னது ஏதாவது ஒரு கதவு திறப்பதற்காகக் காத்திருந்தபோதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் இறந்தபோது அவளிடம் மிஞ்சியது அந்தப் பேச்சுத்தான். சில்லில் அந்த நினைவு அப்படியே இருந்தது.

கதவுகளைப் பற்றி இருவரும் குறித்து வைத்ததை எல்லாம் அவள் ஒழுங்காக எழுதி, தோழி சந்தனமாரியின் அச்சகத்துக்குக் கொண்டுபோனாள். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிற அச்சகம் அது.

"யக்கா, ஒரு வெளையாட்டுக்கு அறுபத்து நாலு பக்கமா?" என்று சந்தனமாரி சிரித்தாள். "சோறு பொங்குற மெசினோட வந்த புஸ்தகத்தயே நான் இன்னும் பிரிக்கல."

"அதான் ஒஞ்சோறு கொழைஞ்சே கெடக்கு."

"ஆமா, நீ ஒருத்திதான் ஒலகத்துல படிச்சிட்டு அமுக்குதவ. மத்தவுக எல்லாம் அமுக்கிட்டு முழிக்கவுக."

அது உண்மைதான். எந்தப் பொருள் வாங்கினாலும் அதனுடன் வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்காமல் அமலோற்பவம் ஒரு பொத்தானையும் தொட்டதில்லை. எழுதியவன் யாரோ ஒருவன் தனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறான், அதைக் கேட்காமல் போவது மரியாதை இல்லை என்று நினைப்பாள்.

நாற்பது பிரதிகள், நாற்பது ரசிகர்கள். மூன்றாம் மாதம் அறிவிப்பு வந்தது. கதவுகளின் பெயர்கள், வரைபடம், அலைகளின் வரிசை எல்லாம் உரிமைதாரருடைய உடைமை. அனுமதியின்றி அச்சிட்டது குற்றம். ஆகவே உப்பு வாசல் தொடர்பாக அவளிடம் உள்ள எல்லாக் காட்சிகளும் 'நினைவு ஒப்படைப்பு' முறைப்படி சில்லிலிருந்தும், சில்லின் வழியே மூளையிலிருந்தும் திரும்பப் பெறப்படும்.

அவள் அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தாள். செபஸ்தியானின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனால் அவர்கள் எடுத்துப்போகப் போவது அவனைத்தான்.

கதவு திறந்தது. "அடுத்து நீங்கதானம்மா. உள்ள வாங்க."

அதிகாரியின் பெயர் குற்றாலிங்கம். முப்பத்தைந்து வயதிருக்கும், நன்றாக எண்ணெய் வைத்து வாரிய கறுத்த முடி. சிறிய அறை. ஒரு மேசை, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் காலியாக ஒரு நாற்காலி. சுவரில் ஒரு திரை.

"பயப்படாதிய. வெளையாட்டச் செஞ்ச ஆசிரியரு சம்மதிச்சா கேசு முடிஞ்சிரும். ஒங்களத் தொணையாசிரியரா சேத்துக்கிடுதேன்னு அவரு ஒரு வார்த்த சொல்லணும். பன்னெண்டு நிமிசம் தாரேன், பேசிப் பாருங்க. அண்ணாச்சி தங்கமான மனுசன். நாப்பத்தோரு வருசமா இங்க வாராரு, ஒரு மொகச்சுளிப்பு கெடையாதாம்." மேசை மேல் கையை ஊன்றினார், அது ஆடியது. "சனியன், இது ஒண்ணு. இருங்க, இயந்திரம் சூடாகணும். நான் ஒரு டீயக் குடிச்சிட்டு வந்திருதேன்."

அவர் போனதும் அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். ஆட்டத்தை நிறுத்துவதற்காக மேசைக் காலுக்கு அடியில் எதையோ மடித்துச் சொருகியிருந்தார்கள். அது இப்போது நழுவிக் கிடந்தது. எடுத்தாள். அச்சிட்ட சிறு புத்தகம், பன்னிரண்டு பக்கம். 'நிழற்பதிவு இயந்திரம்: இயக்குவோருக்கான கையேடு'. இரண்டு பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் பிரித்ததே இல்லை.

அவள் பிரித்தாள். வேறெதோ மொழியிலிருந்து இயந்திரம் பெயர்த்த தமிழ். ஒன்பதாம் பக்கத்தில் அவள் கண் நின்றது.

'அமர்வின் முடிவில் பதிவு கடைசியாகக் கூறும் சொல்லே அதன் விருப்பமாகக் கொள்ளப்படும். வருவதாகக் கூறினால் ஓராண்டு நீட்டிக்கப்படும். போவதாகக் கூறினால் நிரந்தரமாக விடுவிக்கப்படும்.'

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். இதை எழுதியவர் இந்தக் கரையில் ஒரு நாளும் யாரிடமும் விடைபெற்றிருக்க மாட்டார்.

எதிர் நாற்காலியில் வெளிச்சம் கூடியது. புகை உருவாவதுபோல் இல்லை; ஏற்கெனவே அங்கே இருந்த ஒருவர் மேல் விளக்கு விழுந்ததுபோல் இருந்தது. நாற்பத்தெட்டு வயது மனிதர். சட்டைப் பையில் பேனா மை கசிந்த கறை. அந்தக் கறைக்கும் நாற்பத்தொரு வயது. தரையில் நாற்காலியின் நிழல் விழுந்தது. நிழற்பதிவுக்கு நிழல் விழவில்லை.

"இருக்கேன்," என்றார் அவர், யாரும் கேட்பதற்கு முன்பே. பிறகு அவளைப் பார்த்தார். "குத்தாலம் இல்லியா? நீங்க யாரு?"

"எம்பேரு அமலோற்பவம், அண்ணாச்சி. ஒங்க வெளையாட்டு ஆடுதவ."

உப்பு வாசலைச் செய்த தஸ்நேவிஸ் மச்சாடோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் இமைத்தன, ஆனால் ஒரே சீராக. எதுவும் பேசாமல் ஒரு நிமிடம் போயிருக்கும். பன்னிரண்டில் ஒன்று. அவளுக்கு அந்த மௌனம் தெரிந்ததாக இருந்தது. உப்பு வாசலின் முதல் தெருவில் இதே மௌனம்தான் இருக்கும்.

"அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"எது?"

"என் வெளையாட்டு. பேரு தெரியும், நான் செஞ்சதுன்னு தெரியும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அது கம்பெனி சொத்துல்லா. என்னப் பதிவு எடுக்கையில அத மட்டும் வழிச்சு எடுத்துட்டாக." சொல்லும்போது அவர் விரல் நெற்றியைத் தொட்டது. "அந்த எடம் வழவழன்னு இருக்கு. நாக்க வச்சிப் பல்லு போன எடத்தத் தடவுத மாதிரி."

அவள் கையேட்டைத் திறந்தாள். அனுமதி கேட்க வந்தவள் அதை மறந்து வாசிக்கத் தொடங்கினாள். முதல் கதவு, காலை ஏற்றத்துக்குத் திறக்கும். ஏழாம் கதவு, திறக்காது. முதுகைக் காட்டி நின்றால் திறக்கும். பத்தொன்பதாம் கதவுக்கு அருகில் இருவராக நிற்க வேண்டாம், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காமல் போகும். அவர் கண்களை மூடிக் கேட்டார். நாற்பதாம் கதவைத் திறந்தால் வெளியே கடல் இருக்கும், மூன்று முறை மணி அடிக்கும், நம்மை வரவேற்கிறது என்று பொருள்.

"மூணா?" அவர் கண் திறந்தார். "நான் ஒண்ணுதான் வச்சிருப்பேன். மூணுன்னா அது பிழையால்லா இருக்கும்."

"பிழையா?" பதினோரு ஆண்டுகள் அந்த மணிக்காக அவளும் செபஸ்தியானும் கை கோத்து நின்றிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. "இருக்கட்டும் அண்ணாச்சி. நல்ல பிழை."

அவரும் சிரித்தார். அப்போதுதான் அவள் செபஸ்தியானைப் பற்றிச் சொன்னாள். அறிவிப்பைப் பற்றிச் சொன்னாள். அவர் தயங்கவே இல்லை.

"சம்மதம். இது நான் எழுதியிருக்க வேண்டிய புஸ்தகம். தொணையாசிரியரா சேத்துக்கிடுதேன்."

மேசையில் பதித்திருந்த தட்டு ஒளிர்ந்தது. ஒப்பந்தம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அடியில், 'ஒப்புக்கொள்கிறேன்'. அதற்கு அருகே பெருவிரலுக்கு ஒரு வட்டம். சுவரில் நான்கு நிமிடம் மிச்சம் என்று காட்டியது.

"அம்மா," என்றார் தஸ்நேவிஸ். குரல் இறங்கியிருந்தது. "ஒங்க புஸ்தகத்துல எல்லாக் கதவுக்கும் வழி போட்டிருக்கு. இங்கருந்து வெளிய போறதுக்கு எதும் போட்டிருக்கா?"

"நடுவுல என்ன இருக்கும் அண்ணாச்சி? ஒரு நவம்பருக்கும் அடுத்த நவம்பருக்கும் நடுவுல?"

"ஒண்ணுமில்ல. அதான் பயம். முடிஞ்சிதுன்னு குத்தாலம் சொல்லுவான். 'வாரேன்'னுட்டு எந்திரிப்பேன். கதவத் தொறப்பேன். அந்தப் பக்கம் அடுத்த நவம்பர். அவனுக்கு முன்ன இருந்தவன் நான் இப்படிக் கதவத் தொறந்து தொறந்து வாரதுக்குள்ள என் கண்ணு முன்னால கெழவனாயிட்டான்."

மூன்று நிமிடம். மேசையில் அந்த வட்டம் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவருக்கு அவள் வழியைச் சொல்ல வேண்டியிருந்தது. அமலோற்பவம் பெருவிரலை வட்டத்தில் வைத்து அழுத்தினாள். ஒரு பக்கமும் படிக்கவில்லை. தட்டின் ஓரத்தில் சிறு பச்சை விளக்கு ஒன்று எரியத் தொடங்கியது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை. வாய் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தது.

"நீங்க 'வாரேன்'னு சொல்லுதியள்ளா, அதான் ஒங்களப் பிடிச்சி வச்சிருக்கு. வருவேன்னு நீங்களே கேட்டதா எழுதிக்கிடுது. 'போறேன்'னு சொல்லுங்க. விட்டுரும்."

அவர் அவளை வெறித்தார். "அப்படிச் சொல்லக் கூடாதே! சின்னப்புள்ளையில ஒருக்கா சொன்னேன். அம்மா வாயிலயே போட்டா. செத்துப்போறவன்தான் அப்படிச் சொல்லுவான்னு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிதவை ஒருமுறை எழுந்து தாழ்ந்தது.

குற்றாலிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து முத்திரையை எடுத்தார். "நேரம் முடிஞ்சுது அண்ணாச்சி. அப்ப அடுத்த வருசம் பாப்போம்."

தஸ்நேவிஸ் எழுந்தார். "வா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். உதடுகளைக் கையால் அழுத்திப் பிடித்தார். மறுபடி வாய் திறந்து ஓசையில்லாமல் மூடினார். பிறகு, தெரியாத மொழி ஒன்றின் முதல் சொல்லைச் சொல்லிப் பார்ப்பவர்போல், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"போ... றேன்."

வெளிச்சம் குறையவில்லை. அவர் மட்டும் இல்லை. நாற்காலி மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

குற்றாலிங்கம் திரையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "நாப்பத்தோரு வருசம். ஒரு 'வாரேன்'கூடச் சொல்லாம போயிட்டாரு பாத்தியளா?"

"இப்ப உரிமை?" என்று கேட்டாள். "அறுபது வருசம் ஆரம்பிச்சிருச்சா?"

"அதெப்படி ஆரம்பிக்கும்? ரெண்டு பேரு சேந்து செஞ்சதுன்னா, ரெண்டாவது ஆளும் போனப்பொறவுதான் கணக்கு. தொணையாசிரியரு நீங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கியள்ளா?" அவர் நல்ல மனிதர், உண்மையாகவே மகிழ்ந்துதான் சொன்னார். "ஒங்க கேசு முடிஞ்சுது. நெனவுல ஒண்ணத்தயும் தொட மாட்டோம். அந்த ஒரு புஸ்தகத்த மட்டும் கோப்புக்குக் குடுத்துட்டு, நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

புத்தகத்தை மேசையில் வைத்தாள். செபஸ்தியான் பத்திரமாக இருக்கிறான். பெஞ்சில் இருந்த நேரமெல்லாம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அமலோற்பவம் எழுந்தாள். கதவருகே போனதும், யாருமே செய்வதுபோல, திரும்பிப் பார்த்தாள்.

"வாரேன் தம்பி."

"நல்லதும்மா."

பச்சை விளக்கு அணைந்தது. அவள் கதவைத் திறந்தாள்.

அந்தப் பக்கம் நவம்பர்.

அவள் அதே அறையில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் நாற்காலி மாறியிருந்தது. கதவு இப்போது அவளுக்கு எதிரே தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதானவர். முடி நன்றாக எண்ணெய் வைத்து வாரியிருந்தது, முழுக்க வெள்ளை.

"இருக்கியளாம்மா?"

"இருக்கேன்," என்றாள். அது தானாக வந்தது. பிறகுதான் அவரை அடையாளம் தெரிந்தது. "தம்பி... குற்றாலிங்கமா?"

"ஆமாம்மா. இந்த வருசத்தோட ஓய்வு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க போன மாசியில தவறிட்டிய. அன்னைக்கு இங்கருந்து வீட்டுக்குப் போன அம்மாவச் சொல்லுதேன். எம்பத்தி ரெண்டு வயசு. நல்ல சாவு. நீங்க, அன்னைக்கு விரல் வச்சதுலருந்து கதவத் தாண்டுற வரைக்கும் எடுத்த பதிவு. ஒப்பந்தத்துல நூத்தி நாப்பதாம் பக்கம் போட்டிருக்கு. யாரும் படிக்கிறதில்ல."

அவள் தரையைப் பார்த்தாள். நாற்காலிக்கு நிழல் இருந்தது.

"அவ கடைசி வரைக்கும்..."

"உப்பு வாசல்லதான் இருப்பாகளாம். ஒரு கதவுகிட்ட உக்காந்து, பக்கத்துல யாரோ பேசுறாப்ல கேட்டுக்கிட்டே இருப்பாகளாம். சந்தனமாரியம்மா சொன்னாக."

அமலோற்பவம் கண்களை மூடினாள். செபஸ்தியானின் முகம் வந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் தலையசைத்தது. அவன் பேசியதைத் தேடினாள். தங்கையைப் பற்றி ஏதோ சொன்னான். தங்கை இருந்தாளா? எதையோ கண்டால் அவனுக்குப் பயம். எதை? அவள் மனம் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவியது. வழவழவென்று இருந்தது.

கண் திறந்தபோது மேசைக் காலுக்கு அடியில் மடித்துச் சொருகியிருந்தது தெரிந்தது. கடற்பாசித் தாள், மங்கிய அட்டை, ஒரு நண்டின் பாதி.

"அது..." என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். "ஒங்க புஸ்தகந்தான். நல்ல கனம். அதுக்கப்புறம் மேச ஆடவே இல்ல பாத்துக்கிடுங்க."

"ஒருக்கா பிரிச்சிப் பாத்தியளா?"

"எங்கம்மா நேரம்?"

அவள் கையை நீட்டினாள். விரல்கள் அட்டையின் வழியே, மேசைக் காலின் வழியே, ஒன்றும் தடுக்காமல் போய் மறுபுறம் வந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கொடுத்த பன்னிரண்டு நிமிடத்தில் வெகுநேரம்.

"நேரம் முடிஞ்சுதும்மா," என்று குற்றாலிங்கம் முத்திரையை எடுத்தார்.

அவள் எழுந்தாள். அவளுக்கு வழி தெரியும். இந்தக் கூடத்தில் வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இன்னொருவருக்கு அவளே காட்டியும் கொடுத்திருக்கிறாள். ஒரு சொல். மூன்றே எழுத்து. கதவை நோக்கி நடந்தாள். நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அறுபது ஆண்டுகளாக அந்த வாய் எந்த வாசலிலும் ஒரே ஒரு விதமாகத்தான் விடைபெற்றிருந்தது. சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் வருவாள்.

கதவருகே நின்றாள். திரும்பினாள். முத்திரையை ஓங்கியபடி அந்த வயதான மனிதர் முகத்தில் புன்னகையோடு காத்துக்கொண்டிருந்தார்.

"போ..." என்றாள். சரியாகத்தான் தொடங்கினாள். அவர் தலையசைத்தார். அவளும் அறியாமல் அவளுக்குப் புன்னகை வந்தது.

"...யிட்டு வாரேன் தம்பி."

முத்திரை விழுந்தது.